ஓடிபி சொன்னியா?

கார்டிலிருந்து பணம் போய்விட்டது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்: "ஓடிபி சொன்னியா?" எவ்வளவு போனது, எப்படிப் போனது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். வீட்டுப் பூட்டை உடைத்துக் கொண்டுபோனால் ஊர் திருடனைத் திட்டும். கார்டு வழியாகக் கொண்டுபோனால் பறிகொடுத்தவனைத் திட்டும். நானும் அப்படித் திட்டியவன்தான். சித்தப்பா மகன் ஒருவனிடம், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "இன்ஜினியரிங் படிச்சுட்டு இப்படியாடா ஏமாறுவ?" என்று கேட்டேன். அவன் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது 2023-ல் எனக்கே நடந்தபோது தெரிந்தது.

மதுரையில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் வருகிற சேமிப்புக் கணக்கு ஒன்று, அதற்கு ஒரு டெபிட் கார்டு. ஒரு நாள் நள்ளிரவு தாண்டித் தலைமாட்டில் போன் அதிர்ந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. ஒரு டாலர் கழிக்கப்பட்டிருந்தது. நம் காசுக்கு 83 ரூபாய் சொச்சம். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது, உடனே இன்னொன்று. பின்னால் வந்த இரண்டும் சேர்ந்து 38,000 ரூபாயைத் தாண்டிவிட்டன. ஏதோ வெளிநாட்டு இணையக் கடையின் பெயர், பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. கார்டோ ஆணியில் தொங்கிய சட்டைப்பைக்குள் பர்ஸில் பத்திரமாக இருந்தது. ஓடிபி என்று ஒன்றுகூட வரவில்லை.

கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு உடனே போன் செய்தேன். (வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடுகிறவர்கள் திருடன் போட்டு வைத்திருக்கும் எண்ணிலேயே போய் விழுவது உண்டு. கார்டு தொலைந்தால் அந்த எண்ணும் கூடவே தொலையும் என்பதால் போனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.) செய்தது சரிதான். ஆனால் எங்கே நின்று பேசினேன் என்பதைச் சொல்லவேண்டும். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். மனைவி விழித்துவிடக்கூடாது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது. அந்த நேரத்தில் என்னை யாராவது பார்த்திருந்தால் திருடன் என்றே நினைத்திருப்பார்கள். கார்டை முடக்கிவிட்டதாகவும் புகார் எண் குறுஞ்செய்தியில் வரும் என்றும் மறுமுனையில் இருந்த பெண் சொன்னார். பிறகு சைபர் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன். படியிறங்கி வந்து படுத்துக்கொண்டு, காலையில் வீட்டில் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். யாரிடமும் எதையும் சொல்லாதவன், எதையும் தொடாதவன், பொய் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வங்கி திறந்ததும் போய் நின்றேன். கார்டு பிரிவில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ஓடிபி இல்லாம எப்படி சார் போகும்? நல்லா யோசிச்சுப் பாருங்க. ஏதாவது லிங்க்கைத் தொட்டிருப்பீங்க." மறுபடியும் அதையே கேட்டபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "தொட்டிருக்கலாம்" என்பது நுனிநாக்கு வரை வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதையாவது ஒப்புக்கொண்டு இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்றிருந்தது.

அவர் நீட்டிய படிவத்தில் ஒரு கேள்வி: கார்டு விவரம், பின், ஓடிபி ஆகியவற்றை யாரிடமாவது பகிர்ந்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். கணக்கு எழுதுகிறவன் வவுச்சர் இல்லாமல் எதையும் பதிய மாட்டான். அந்தத் தொழில் புத்திதான் காப்பாற்றியது. பேனாவை மூடி வைத்துவிட்டு, போனில் அந்த வாரம் வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் தள்ளிக் காட்டினேன். கடன் விளம்பரம், கேஸ் புக்கிங், மகளின் கல்லூரிச் செய்தி. ஓடிபி இல்லை. 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். பணம் திரும்பி வந்ததற்கு அந்த ஒரு டிக் பெரிய காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஓடிபி இல்லாமல் போகுமா என்றால், போகும். எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

கடையில் நாம் கார்டைச் செருகுகிற ஸ்வைப் மெஷின் கடைக்காரருடைய வங்கியின் ஏற்பாடு. அது கார்டு எண்ணையும் தொகையையும் ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற ஒரு வலையமைப்பு வழியாக நம் வங்கிக்கு அனுப்புகிறது. கார்டு செல்லுமா, பின் சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று நம் வங்கி பார்த்து 'சரி' சொன்னால்தான் ரசீது வெளியே வரும். எல்லாம் சில நொடிகளில். பழைய கார்டுகளின் முதுகில் இருந்த கறுப்புக் காந்தப் பட்டையில் எப்போதும் ஒரே தகவல்தான். ஒருமுறை படியெடுத்தால் போலிக் கார்டு தயார். அதனால்தான் பட்டை மட்டுமே உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டுகளாக மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டைப் போடும். இன்று ஒட்டுக்கேட்டது நாளைக்கு உதவாது.

இணையத்தில் சிப்பும் கிடையாது, பட்டையும் கிடையாது. எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்கம், அவ்வளவுதான். அது போதாது, இன்னொரு பூட்டு வேண்டும் என்று 2009-லேயே ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிவிட்டது. இன்று ஓடிபி வருவது அதனால்தான். ஆனால் கடையும் அதன் வங்கியும் வெளிநாட்டில் இருந்தால், அவர்கள் அந்தப் பூட்டைக் கேட்காமலே கோரிக்கையை அனுப்பலாம். நம் வங்கி அதற்குச் 'சரி' என்றும் சொல்லிவிடலாம். கவுண்டரில் இருந்த தம்பிக்கு இது தெரியாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அவரை யாரும் அதற்குப் பயிற்றுவித்திருக்க மாட்டார்கள். ஆனால் தெரியாததை அவர் என் தலையில் கட்டப் பார்த்ததுதான் பிரச்சினை.

என் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்திருக்கலாம். கசியவே தேவையில்லாமலும் இருக்கலாம். 16 இலக்கத்தில் முன்பகுதி எந்த வங்கி என்பதைக் காட்டுவது. கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லுன் 1960-ல் காப்புரிமை பெற்ற கணக்கு அது. எண்ணைத் தவறாக அடித்தால் கண்டுபிடிப்பதற்காக வந்தது. அதே கணக்கை வைத்து, செல்லக்கூடிய எண்களைக் கம்ப்யூட்டர் வரிசையாக உற்பத்தி செய்து தள்ளும். அப்படித் தள்ளியதில் எந்த எண்ணுக்கு உயிர் இருக்கிறது என்று தட்டிப் பார்க்கத்தான் அந்த முதல் ஒரு டாலர். சின்னத் தொகைதானே என்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெரிய தொகை அதன் பின்னால்தான் வரும்.

வங்கியில் அடுத்த கேள்வியும் வந்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஏன் திறந்து வைத்திருந்தீர்கள்? நியாயமான கேள்வி. 2020 அக்டோபர் முதல், புதிதாக வரும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். இணையம், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது எல்லாம் நாமாகத் திறந்தால்தான் உண்டு. மகள் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது கட்டணம் கட்டத் திறந்தது, அப்படியே கிடந்தது. மூடியிருந்தால் ஒரு டாலரும் போயிருக்காது. ஆனால் வங்கியே கொடுத்த வசதியைத் திறந்து வைப்பதும், ரகசிய எண்ணை ஒருவனுக்கு எடுத்துச் சொல்வதும் ஒன்றா? எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்றேன். கேள்வி அதோடு நின்றது.

அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட ஒரு சுற்றறிக்கையிலிருந்து. அச்சகத்துக்கு வருகிற ஆடிட்டர்தான் அதை எடுத்துக் கொடுத்தார். அனுமதியில்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை அது வரையறுக்கிறது. தவறு வங்கியுடையது என்றால், நாம் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நம் பொறுப்பு பூஜ்யம். வங்கியிடமும் தவறில்லை, நம்மிடமும் இல்லை, இடையில் எங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் நமக்குக் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் அப்போதும் பூஜ்யம். நாலு முதல் ஏழு வேலை நாள் வரை தாமதித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. ஏழையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தகவல் கிடைத்த நாள் கணக்கில் சேராது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதேபோல் ஓர் அறிக்கை வந்தது.

நம் கவனக்குறைவு என்றால், அதாவது ரகசிய விவரத்தை நாமே கொடுத்திருந்தால், புகார் சொல்கிற நிமிஷம் வரை போனது முழுவதும் நம் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இன்னொரு வரி: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கவேண்டியது வங்கியின் கடமை. நான் நிரபராதி என்று நான் காட்டவேண்டியதில்லை. அந்தக் கவுண்டர் முன்னால் நடந்துகொண்டிருந்தது நேர்தலைகீழ். 'சொன்னியா?' என்று கேட்டால் கூச்சத்தில் நாமே தலையாட்டி, வங்கி நிரூபிக்கவேண்டியதை இலவசமாக நிரூபித்துக் கொடுத்துவிடுகிறோம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகார் சொன்ன பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்கவேண்டும் என்பது விதி; பணம் போன தேதியிட்டு வைக்கவேண்டும், வட்டியும் குறையக்கூடாது. எனக்கு வரவு வந்தது. பாஸ்புக்கில் பார்க்கலாம், எடுக்க முடியாது. லியன் போட்டு வைத்திருந்தார்கள். நம் வங்கி வலையமைப்பு வழியாக அந்தக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும், அவர்கள் ஆதாரம் காட்டவேண்டும், அதற்கெல்லாம் நாளாகும். 90 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பது சுற்றறிக்கை. கெடு முடியும் சமயத்தில் லியன் கழன்றது. கிரெடிட் கார்டாக இருந்தால் இவ்வளவு காலமும் முடங்கிக் கிடப்பது வங்கியின் பணம். டெபிட் கார்டில் முடங்குவது நம் சோறு. அந்த இடைவெளியில் எனக்கு ஒரு இன்ஷூரன்ஸ் தவணை திரும்பிப் போனது, அதற்கு அபராதம் வேறு.

இதையெல்லாம் நான் தெருவில் சொல்லித் திரிந்ததால்தான் அடுத்த வருஷம் எங்கள் சந்தில் இருக்கும் அக்கா என்னைத் தேடி வந்தார். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகையை அடகு வைத்த கடன் கணக்கில் வரவாகியிருந்தது, 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏடிஎம்மில் கார்டு இரண்டு தடவை ஏற்கவில்லை. பின்னால் நின்ற பையன், "குடுங்கம்மா, நான் பார்க்கிறேன்" என்று வாங்கி, துடைத்து, செருகி, "பின் போடுங்க" என்றான். போட்டார். மெஷின் சரியில்லை என்று சொல்லிக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமை காலையில் வங்கியில் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் தெரிந்தது. அதே வங்கி, அதே நிறம், ஆனால் கார்டில் ஓர் ஆணின் பெயர். இவருக்கு முன்னால் யாரிடமோ மாற்றியெடுத்த கார்டு அது.

பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைத் தேதியில் 20,000, சனிக்கிழமைத் தேதியில் 20,000. மேலாளர் நேரத்தைப் பார்த்துச் சொன்னார்: முதலாவது நள்ளிரவுக்குச் சற்று முன், இரண்டாவது நள்ளிரவுக்குச் சற்றுப் பின். ஒரு நாள் உச்சவரம்பு 20,000 என்பதும், அது பன்னிரண்டு மணிக்குப் புதுப்பிக்கப்படும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு தடவை பணம் எடுத்தும் அக்காவுக்குக் குறுஞ்செய்தி வரவில்லை. கணக்கில் இருந்தது இறந்துபோன கணவரின் எண். அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. மிச்சம் இருந்த 9,000 சொச்சத்தை அவன் திங்கட்கிழமை மதியம் ஒரு செல்போன் கடையில் தேய்த்திருந்தான். அக்கா காலையிலேயே வங்கியில் சொல்லிவிட்டார். கார்டை முடக்கியது சாயங்காலம்.

வங்கி வாசலில் சலான் எழுதிக் கொடுக்கும் பெரியவர்தான் அக்காவுக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார். நகலில் சீலும் வாங்கி, நேரத்தையும் எழுதச் சொல்லியிருந்தார்; அவருக்குப் புண்ணியம். ஆனால் 'பகிர்ந்தீர்களா' என்ற கேள்விக்கு 'ஆம்' கட்டத்தில் டிக். ஏன் அப்படிப் போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அவங்க எல்லாரும் 'பின்னைச் சொன்னீங்களா'ன்னு கேட்டாங்க தம்பி. அவன் பக்கத்துலதான நின்னான், சொன்ன மாதிரிதானன்னு ஆமான்னுட்டேன்."

ஏடிஎம் பின் நான்கு இலக்கமாக இருப்பதற்கு ஒரு கதை உண்டு. 1967-ல் வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக்கு ஏடிஎம் வைத்துக் கொடுத்த ஜான் ஷெப்பர்ட்-பாரன், நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்கலாம் என்று நினைத்தாராம். நாலுக்கு மேல் என்னால் நினைவு வைக்க முடியாது என்று மனைவி சொன்னதால் நாலாக்கினேன் என்று பின்னாளில் சொன்னார். நினைவு வைக்கச் சுலபமானது பக்கத்தில் நிற்பவனுக்கும் சுலபம்தான். பாரத ஸ்டேட் வங்கி 2020 முதல் தன் ஏடிஎம்களில் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுக்க ஓடிபி கேட்கிறது. அக்காவின் வங்கியில் அது இல்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். வங்கிக்கு மூன்று பக்கம் எழுதினேன். பின்னை அவர் சொல்லவில்லை, அவன் பார்த்தான். கேமரா பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கவும். புகார் சொன்ன நேரத்துக்குப் பிறகு போன 9,000 உங்கள் பொறுப்பு. மூன்றாவதை மறுக்க வழியில்லை, சீலில் நேரம் இருந்தது. அந்தத் தொகை வந்துவிட்டது. மீதி 40,000-க்கு, நீங்களே 'ஆம்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வரிப் பதில். 30 நாள் கழித்தும் திருப்தியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. போனோம். படிவத்தை எழுதியவர் வேறு ஆள், அக்கா போட்டது கையெழுத்து மட்டும் என்பதை அங்கே முதலில் விளக்கவேண்டியிருந்தது. கேமராவில் பையன் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது தெரிந்தது என்று வங்கியே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த டிக்கை விடவில்லை. கடைசியில் பாதித் தொகை தருகிறோம், சமரசம் செய்துகொள்வோம் என்றார்கள்.

வேண்டாம், முழுத் தொகைக்கும் நிற்கலாம் என்றேன். விதி நம் பக்கம் இருக்கிறது, நிரூபிக்கவேண்டியது அவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நகை ஏலத்துக்குப் போயிரும் தம்பி, இது போதும்" என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு அதில் இன்னமும் உடன்பாடு இல்லை.